கடை உங்களுது... கணக்கு யாருது?

விழுப்புரம் எம்.ஜி. ரோட்டிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ ஏதாவது ஒரு கடைக்குப் போய், "அண்ணே, உங்க ஜிபே பின் நம்பர் என்ன?" என்று கேட்டால் என்ன நடக்கும்? முறைப்பார். கொஞ்சம் கோபக்காரர் என்றால் கையில் இருப்பதைத் தூக்கி அடிப்பார். அதே கடைக்காரரிடம், "ஜி.எஸ்.டி. கணக்கோட யூசர் நேம், பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டால், "அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, ஆடிட்டர் பாத்துக்குவாரு" என்பார். சில பேர் இதைப் பெருமையாகவே சொல்வார்கள்!

ஜிபே பின் போனால் பேங்கில் இருக்கிற பணம்தான் போகும். ஜி.எஸ்.டி. கணக்கு கைவிட்டுப் போனால் பேங்க் கணக்கை முடக்குவது முதல் கடையின் பதிவை ரத்து செய்வது வரை எல்லாம் நடக்கும். எதைப் பூட்டி வைக்க வேண்டுமோ அதைத் திறந்து போட்டுவிட்டு, சில்லறை டப்பாவுக்கு மட்டும் பூட்டு போடும் பழக்கம் இது. இந்தப் பழக்கத்துக்குக் கடைக்காரர் பாதிக் காரணம். மீதிப் பாதி அரசாங்கம்.

முதலில் கணக்கு எப்படித் தொடங்கப்படுகிறது என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு பைசா கூட! போர்ட்டலில் பான் எண், மொபைல் எண், மின்னஞ்சல் மூன்றையும் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். அதைப் போட்டால் தற்காலிக எண் ஒன்று கிடைக்கும். 15 நாளைக்குள் மீதி விவரங்களையும் ஆவணங்களையும் ஏற்ற வேண்டும். ஆதார் சரிபார்ப்பு முடிந்து கேள்வி எதுவும் இல்லாவிட்டால் 7 வேலை நாளில் பதிவு. பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு விற்பதில் மாத வரி இரண்டரை லட்சத்தைத் தாண்டாது என்று சொல்லும் சிறு வியாபாரிகளுக்கு, 2025 நவம்பர் 1 முதல் 3 வேலை நாளிலேயே கொடுக்கும் வழியும் வந்துவிட்டது.

கோட்டை விடுவது எங்கே? முதல் படியிலேயே! அந்த மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் கடைக்காரருடையது அல்ல. பிரவுசிங் சென்டர்காரருடையது, அல்லது கணக்கு எழுதுபவருடையது. (நம் ஊரில் ரிட்டர்ன் போடுகிற எல்லோருமே "ஆடிட்டர்"தான். சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்டா என்று யாரும் கேட்பதில்லை.) ஆதார் ஓ.டி.பி. மட்டும் முதலாளி போனுக்கு வரும். "நம்பர் வந்துச்சா அண்ணே, சொல்லுங்க" என்று ஒரு போன். அதோடு முதலாளிக்கும் அவர் கணக்குக்கும் இருந்த உறவு முடிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ரிட்டர்னும் ஓ.டி.பி. போட்டுத்தான் தாக்கலாகும். சட்டத்தின் கண்ணில் அந்த ஓ.டி.பி. முதலாளியின் கையெழுத்து. அது இன்னொருவர் போனுக்குப் போகிறது என்றால், வெற்றுப் பேப்பர்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரிதான். பொய்க் கணக்கு போனாலும், வாடிக்கையாளரிடம் வாங்கிய வரி கட்டப்படாமல் போனாலும் நோட்டீஸ் கடைக்காரர் பெயருக்குத்தான்.

இது கற்பனைக் கதை இல்லை. 2018 ஜூனிலேயே மத்திய நிதி அமைச்சகம் இதை ஒப்புக்கொண்டது. பதிவு செய்து கொடுத்த இடைத்தரகர்கள் தங்கள் மொபைலையும் மின்னஞ்சலையும் போட்டுவிட்டு, இப்போது கணக்கு விவரத்தைத் தர மறுக்கிறார்கள் என்று புகார்கள் வருகின்றன என்றே அறிக்கை விட்டது. வரி அதிகாரியிடம் போய் மாற்றிக்கொள்ளும் வழியையும் சொன்னது. ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1-ல். ஒரு வருஷத்துக்குள் நாடு முழுக்க இந்தக் கதை என்றால் வியாதி எவ்வளவு பெரியது!

"சின்னக் கடைக்கு எதுக்கு ஜி.எஸ்.டி.? 40 லட்சம் வரைக்கும் வேண்டாமே" என்று சிலர் கேட்கலாம். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை மாநிலத்துக்குள் விற்பவருக்கு. விழுப்புரம் மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதன் பெயர் புதுச்சேரி.

திண்டிவனத்தில் மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய் ஆட்டுகிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.எம்.வி. ரகக் கடலைக்குப் பெயர் கொடுத்த ஊர் அது, அதனால் பொருத்தமான உதாரணம். ஆண்டு விற்பனை 15 லட்சம். செஞ்சிக்கோ மரக்காணத்துக்கோ விற்கும் வரை பதிவு தேவையில்லை. சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற புதுச்சேரிக் கடை ஒன்று ஆர்டர் கொடுத்து, அவர் டின்களை அனுப்பி வைத்தால்? அது மாநிலம் விட்டு மாநிலம் விற்பனை. சட்டத்தின் 24-வது பிரிவின்படி முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். கைவினைப் பொருள் மாதிரி சிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. எண்ணெய்க்கு இல்லை. ஒரு சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்கிற காம்போசிஷன் திட்டமும் வெளி மாநிலத்துக்கு விற்பவருக்குக் கிடையாது.

கோட்டக்குப்பத்துக்காரர் நிலைமை இன்னும் வேடிக்கை. கொஞ்ச தூரம் நடந்தால் முத்தியால்பேட்டை. இந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. எண் 33-ல் ஆரம்பிக்கும், அந்தப் பக்கம் 34. சென்னையில் இருக்கிற சின்ன வியாபாரிக்குக் கிடைக்கும் 40 லட்சம் சலுகை, எல்லையில் வாழ்கிற ஒரே காரணத்தால் இவருக்குக் கிடைக்காமல் போகிறது. ஆக, ஆன்லைன் வரிக் கணக்கு என்பது இந்த மாவட்டத்தில் பெரிய முதலாளிகள் சமாச்சாரம் மட்டும் இல்லை.

இப்போது அந்தச் செக்குக்காரர் கணக்கை வேறொருவர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன். ஃபீஸில் தகராறு, அல்லது கணக்கு எழுதுபவர் வேலை கிடைத்து சென்னை போய்விட்டார். ரிட்டர்ன் நின்றது. நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறுகிறது (சின்ன வியாபாரிக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2000 ரூபாய் உச்சவரம்பு). கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி. தொடர்ந்து இரண்டு காலாண்டு போனால் பதிவை ரத்து செய்யலாம். முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். எங்கே வரும்? போர்ட்டலுக்கும், பதிவில் இருக்கிற மின்னஞ்சலுக்கும். அதாவது, ஓடிப்போனவர் இன்பாக்ஸுக்கு!

செக்குக்காரருக்கு விஷயம் தெரிவது புதுச்சேரிக் கடைக்காரர் போன் பண்ணும்போதுதான். "என்னங்க, உங்க நம்பர் கேன்சல்னு காட்டுது. உங்க பில்லுக்கு எனக்கு வரி வரவு கிடைக்காது. இனிமே சரக்கு வேண்டாம்." முடிந்தது வியாபாரம். ரத்தை நீக்கக் கேட்பதற்கு 90 நாள். உயர் அதிகாரி மனது வைத்தால் மேலும் 180 நாள் வரை நீட்டிப்பு. அதுவும் போனால் மேல்முறையீடு. அதற்கும் காலக்கெடு. எல்லாம் தாண்டினால் உயர்நீதிமன்றம். விழுப்புரத்திலிருந்து சென்னை சுமார் 160 கிலோமீட்டர். வக்கீல் ஃபீஸ் தனி.

அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். 2022 ஜனவரி 31-ல் சுகுணா கட்பீஸ் சென்டர் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு காமர்ஸ் படிக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. ரிட்டர்ன் போடாததால் பதிவு ரத்தாகி, காலக்கெடுவும் தாண்டிப்போன பல வியாபாரிகளின் மனுக்களை ஒன்றாக விசாரித்தது. இவர்களை ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிறுத்தி வைப்பதால் யாருக்கும் லாபம் இல்லை, வரியும் வட்டியும் தாமதக் கட்டணமும் கட்டட்டும், பதிவைத் திருப்பிக் கொடுங்கள் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பேர் இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் கடையைத் திறந்தார்கள். ஒரு கட்பீஸ் கடைக்காரர் பதிவைத் திருப்பி வாங்க உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது என்றால், கோளாறு கட்பீஸ் கடையில் மட்டுமா இருக்கிறது?

இங்கேதான் அரசாங்கத்தின் பங்கு வருகிறது. சட்டத்தின் 169-வது பிரிவு நோட்டீஸ் கொடுக்கப் பல வழிகளைச் சொல்கிறது. நேரில் கொடுக்கலாம், தபாலில் அனுப்பலாம், மின்னஞ்சல் செய்யலாம், போர்ட்டலில் போடலாம், பத்திரிகையில் விளம்பரம் செய்யலாம். இதில் துறைக்கு எது சுலபமோ அது பழக்கமாகிவிட்டது. போர்ட்டலில் போட்டாச்சு, கடமை முடிஞ்சுது! அதிலும் போர்ட்டலில் "நோட்டீஸ்கள்" என்று ஒரு இடம், "கூடுதல் நோட்டீஸ்கள்" என்று இன்னொரு இடம். முதல் இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு இரண்டாவது இடத்தில் வரி, வட்டி, அபராதம் என்று முழு உத்தரவே காத்திருந்தது. 2023, 2024-ல் இந்தக் காரணத்தோடு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் ஏராளம். பலவற்றில் உத்தரவை ரத்து செய்து, வியாபாரி சொல்வதையும் கேளுங்கள் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. அதற்கும் பெரும்பாலும் வரியில் ஒரு பகுதியை முதலில் கட்ட வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நோட்டீஸ் ஆங்கிலத்தில். தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-ல். இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரி போட்டதும் இந்த மாநிலம்தான், ராஜாஜி ஆட்சியில், 1939-ல். இத்தனை வருஷம் வரி வாங்கிய அனுபவம் இருந்தும், கடலை எண்ணெய் விற்பவருக்குப் புரிகிற மொழியில் "உங்கள் பதிவை ரத்து செய்யப் போகிறோம்" என்று ஒரு கடிதம் போட முடியவில்லை! சொத்து வரி பாக்கி என்றால் வீடு தேடி வருகிறார்கள். ஜி.எஸ்.டி. என்றால் மட்டும் வியாபாரி தினமும் வந்து எட்டிப் பார்க்க வேண்டுமாம்.

"எஸ்.எம்.எஸ். அனுப்புறோமே, மெயில் அனுப்புறோமே" என்பது துறையின் பதில். யாருடைய எண்ணுக்கு? அது வேறொருவர் எண்ணாக இருக்கலாம் என்று 2018-லேயே தெரியும். தெரிந்தும் அதே எண்ணுக்கு அனுப்பிவிட்டு "தகவல் சேர்ந்தது" என்று எழுதுவது நியாயமா? ரிட்டர்ன் விஷயத்துக்கு எஸ்.எம்.எஸ். போதும். பதிவு ரத்து, வரி கேட்கும் உத்தரவு இந்த இரண்டையுமாவது பதிவுத் தபாலில், தமிழில், கடை முகவரிக்கு அனுப்ப வேண்டும். முகவரிக்கு ஆதாரம் கேட்டு ஈ.பி. பில், வாடகை ஒப்பந்தம் எல்லாம் வாங்கி வைத்திருப்பது வேறு எதற்கு?

கடைக்காரர் தரப்பு வாதம் ஒன்றுதான். "நமக்கு கம்ப்யூட்டர் தெரியாது, நேரமும் இல்லை." கம்ப்யூட்டர் தெரிய வேண்டாம். ரிட்டர்ன் போடும் வேலையை இன்னொருவரிடம் கொடுப்பதில் தப்பே இல்லை. கார் ஓட்ட டிரைவர் வைக்கலாம், ஆர்.சி. புக்கை அவர் பெயருக்கு மாற்றக் கூடாது, அவ்வளவுதான். பாஸ்வேர்டு கொடுக்காமலே வேலை கொடுக்கும் வசதி போர்ட்டலிலேயே இருக்கிறது. பதிவு பெற்ற ஜி.எஸ்.டி. பிராக்டிஷனரை நியமிக்கலாம், பிடிக்கவில்லை என்றால் நீக்கலாம். அவர் தன் லாகினில் வேலை செய்வார். நேர்மையாக வேலை செய்கிறவருக்கு இதனால் நஷ்டம் இல்லை. சொல்லப்போனால் பாதுகாப்பு. நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் "பாஸ்வேர்டு உன்கிட்டதானே இருந்துச்சு" என்று யாரும் அவரைக் கை காட்ட முடியாது.

அந்த பிராக்டிஷனர் ஆவதற்கு சி.ஏ. படிக்க வேண்டியதில்லை. பி.காம். போதும்! போர்ட்டலில் விண்ணப்பித்துப் பதிவு செய்து, நாசின் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். விழுப்புரம் அறிஞர் அண்ணா கல்லூரியிலும் திண்டிவனம் கோவிந்தசாமி கல்லூரியிலும் பி.காம். முடித்து, பத்தாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு சென்னைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம். "பாஸ்வேர்டு உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே, வேலையை மட்டும் கொடுங்க" என்று சொல்கிற பத்துப் பேர் ஊரில் உட்கார்ந்தால், பாஸ்வேர்டைப் பிடித்து வைத்து மிரட்டுகிறவர் கடை தானாகக் காலியாகும்.

வரி கட்டுவது கடமை என்று சொல்லிக் கொடுக்கும் அரசாங்கம், வரிக் கணக்கு வியாபாரியின் உரிமை என்பதையும் சொல்லிக் கொடுக்கட்டும். அதுவரை கடைக்காரர்கள் ஒரு வேலை செய்தால் போதும். இன்றைக்கு ராத்திரி கல்லாவை எண்ணி முடித்ததும், "ஜி.எஸ்.டி.யில யாரு நம்பர் இருக்கு?" என்று ஆடிட்டருக்கு ஒரு போன்.

பி.கு: ஏற்கெனவே கணக்கு கைவிட்டுப் போனவர்களுக்கு...

1. அடையாளச் சான்று, தொழில் ஆவணங்களோடு உங்கள் சரக வரி அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். சரிபார்த்து மின்னஞ்சல், மொபைலை மாற்றுவார். புதிய பாஸ்வேர்டு உங்கள் மின்னஞ்சலுக்கே வரும்.

2. போர்ட்டலில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் அந்த பானில் எத்தனை பதிவு இருக்கிறது என்று தெரியும். லாகின் தேவையில்லை. தெரியாத பதிவு இருந்தால் உடனே அதிகாரியிடம் போங்கள்.

3. வியாபாரமே நடக்காத காலத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. நில் ரிட்டர்னை 14409 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். மூலமே போடலாம்.

4. கடையை மூடினால் கணக்கு தானாக மூடாது. ரத்துக்கு விண்ணப்பித்து, மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்னும் போட வேண்டும்.

5. புதிதாகப் பதிவு செய்பவரிடம் தேவையில்லாத ஆவணம் கேட்கக் கூடாது என்று 2025 ஏப்ரல் 17-ல் மத்திய மறைமுக வரி வாரியம் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. சொந்த இடம் என்றால் ஈ.பி. பில், சொத்து வரி ரசீது மாதிரி ஏதாவது ஒன்று போதும்.

6. உதவி எண் 1800-103-4786. இலவசம்தான் :-)