புட்டித் தூசியும் நம் பிள்ளைகளும்

ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியபின், நம் பிள்ளைகள் பலர் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் கார் பட்டறைகளுக்குத் தகரம் தட்டப் போகிறார்கள். நல்ல தொழில்தான். ஆனால் மாலையில் அவர்கள் தலைமுடியில் படிந்து வரும் வெள்ளைத் தூசியைக் கவனித்தீர்களா? அதே தூசிதான் நெஞ்சுக்குள்ளும் போகிறது.

பிள்ளையிடம் சொல்லுங்கள்: பள்ளத்தை முதலில் தட்டி நிமிர்த்து, புட்டியை மெல்லிசாகப் பூசு. குறைவாகப் பூசினால் குறைவாகத் தேய்க்கலாம், தூசியும் குறையும். காய்ந்த புட்டிக்கு 80ஆம் நம்பர் மணல்தாள், பிறகு 180, 320. புட்டி தண்ணீரை உறிஞ்சும், உள்ளே தகரம் துருப்பிடிக்கும்; ஆகவே அதை நனைக்காதே. அந்த வேலைக்குத் தூசி உறிஞ்சும் மெஷினும் மூக்குக் கவசமும் வேண்டும். மேலே அடிக்கும் பிரைமரை 600ஆம் நம்பர் தண்ணீர்த்தாளால் ஈரமாகத் தேய், தூசி பறக்காது.

"கைக்குட்டை கட்டினால் போதும்" என்பார்கள். தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த நமக்குத் தெரியாதா, கைக்குட்டை எதைத் தடுத்தது என்று? பாராகுவாட்டுக்கே 2020இல்தான் இந்த நாட்டில் தடை வந்தது.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சின்னப் பட்டறைக்கும் உண்டு. கவசம் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்குச் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. புட்டிக்கும் மணல்தாளுக்கும் கணக்கு எழுதுகிறவர், கவசத்தையும் அதே கணக்கில் எழுதட்டும். பிள்ளை கேட்கத் தயங்கினால், நீங்கள் கேளுங்கள்.