ஹான்ஸுக்கு மட்டும்தான் தடையா?

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கிறது. லட்சக்கணக்கில் சனம் வந்துபோன பிறகு கழிவை அள்ளுவது யார்? நம்ம சேரிதான். விடியக்காலை சாக்கடையில் இறங்குமுன் எங்க சித்தப்பா உதட்டுக்குள்ளே ஹான்ஸ் வைப்பார். “இது இல்லாம இந்த நாத்தத்துல நிக்க முடியுமாடா?”

2013இல் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் தடை போட்டார்கள். போடட்டும், வாய்ப்புற்றுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பழகிப்போன உடம்புக்கு மாற்றாக என்ன கொடுத்தீர்கள்? பெட்டிக்கடைக்கு அபராதம், சித்தப்பாவுக்கு ஏறின விலை.

ஸ்வீடனில் புகையிலையே இல்லாத நிகோடின் பையை உதட்டில் வைக்கிறார்கள். அதுவும் அடிமைப்படுத்தும்தான். ஆனால் புகை இல்லை, இலை இல்லை. சிகரெட்டை, ஹான்ஸை விடக் கேடு குறைவு. (கூல் லிப்பை இதோடு குழப்பிக்காதீங்க. அது பைக்குள் அடைத்த புகையிலையேதான்.) இங்கே 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கிறது. தில்லைநகர் ஆபீசர் வாங்கி மெல்லுவார். கையுறைகூடத் தராத கான்ட்ராக்டரிடம் கூலி வாங்குகிறவர் எதைக் கொண்டு வாங்குவார்?

அரசே கொடுக்கட்டும், கூலியில் பிடிக்காமல். நாத்தத்தையும் நிறுத்தட்டும். அதே 2013இல்தானே மனிதக் கழிவை மனிதர் அள்ளக்கூடாதென்று இன்னொரு சட்டமும் வந்தது? ஹான்ஸ் விற்ற கடைக்குச் சீல் வைக்கிறீர்கள். அந்தத் தடையை மீறிய கான்ட்ராக்டர் எத்தனை பேரைப் பிடித்தீர்கள்?