தூண்டிலுக்குத் தடை... காவிரியின் மஹ்சீர் மீன் தப்பிச்சுதா?

ஒரு மீனைக் காப்பாத்தணும்னா, அதைப் பிடிக்கக் கூடாதுன்னு தடை போட்டா போதும்தானே? கேட்கும்போது சரியாகத்தான் இருக்கு. ஆனால், காவிரியில் நடந்த கதை வேறு.

என்ன மீன் இது?

திமில் மஹ்சீர். தலைக்குப் பின்னால் திமில் போல மேடு, ஆரஞ்சு நிறத் துடுப்பு. உலகிலேயே காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டும்தான் உண்டு. 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒரு மஹ்சீரின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ!

இவ்வளவு பிரபலமான மீனுக்கு 2018 வரை அறிவியல் பெயரே உறுதியாகவில்லை. அந்த ஆண்டுதான் இது 'டோர் ரெமாதேவி' இனம் என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதே ஆண்டு, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய இனம்' என்று சேர்க்கப்பட்டது. அதற்கு அடுத்த படி, காட்டிலிருந்தே மறைவதுதான்.

தூண்டில் முகாம்கள் எப்படி இயங்கின?

கர்நாடகப் பகுதியில் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்கலி ஆகிய இடங்களில் முகாம்கள் இருந்தன. வெளிநாட்டவர் உட்படப் பலர் காசு கட்டி வருவார்கள். கேழ்வரகு உருண்டைதான் இரை. பிடித்த மீனை எடை பார்த்து, போட்டோ எடுத்து, திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும். இதுதான் விதி.

முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்த சிலருக்கே இங்கே வழிகாட்டி வேலை கிடைத்தது. மீன் உயிரோடு இருந்தால்தான் சம்பளம். அதனால் ஆற்றில் வெடி வைத்துப் பிடிப்பவர்கள் மீதும் ஒரு கண் இருந்தது.

அப்புறம் ஏன் தடை?

முகாம்கள் இருந்தது காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தம், 'விலங்கு' என்பதற்கான விளக்கத்தில் மீனையும் சேர்த்தது. சரணாலயத்துக்குள் மானைப் பிடித்து விளையாடிவிட்டு விட்டுவிட முடியாது. அப்போ மீனை மட்டும் எப்படி விடுவது? இந்த வாதம் நின்றது. 2012-க்குள் முகாம்களில் தூண்டில் போடுவது முடிவுக்கு வந்தது.

பதிவேடு காட்டிய அதிர்ச்சி

கலிபோரே முகாமில் யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன எடையில் மீன் சிக்கியது என்று எழுதி வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் கணக்கை ஆய்வாளர்கள் அலசினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்தி: சிக்கும் மஹ்சீர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெருகியது நீலத்துடுப்பு மஹ்சீர். மஹ்சீரைப் பெருக்கும் நல்ல எண்ணத்தில், பண்ணையில் வளர்த்து காவிரியில் விடப்பட்ட வேற்று ஆற்று இனம் அது. சொந்த ஊர்க்காரரான திமில் மஹ்சீர் சரிந்துகொண்டிருந்தது.

தூண்டில்காரர்கள் எழுதி வைக்காவிட்டால் இது தெரியவே வந்திருக்காது. தடையோடு அந்தக் கணக்கும் நின்றுபோனது.

அப்போ தடையை நீக்கிடலாமா?

அவ்வளவு எளிதில்லை. நீண்ட நேரம் இழுபடும் மீன் களைத்துப் போகும். தண்ணீருக்கு வெளியே வைத்திருப்பதும் ஆபத்து. நீலத்துடுப்பு மஹ்சீரை வைத்துச் செய்த ஆய்வில், கவனமாகக் கையாண்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வது தெரிந்தது. ஆனால், விரல் விட்டு எண்ணும் நிலையில் உள்ள ஓர் இனத்தில் ஒன்றிரண்டு செத்தாலும் இழப்பு பெரிது. சரணாலயத்துக்குள் பணம் கட்டுபவருக்கு ஒரு நியாயம், வலை வீசும் உள்ளூர்க்காரருக்கு ஒரு நியாயமா என்ற கேள்வியும் இருக்கிறது.

இன்னொன்று, இந்த மீனின் முதல் எதிரி தூண்டில் இல்லை. அணைகள், மணல் அள்ளுதல், வெடி, வேற்று இன மீன்கள். 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் கர்நாடகம் திட்டமிடும் மேகதாது அணை வந்தால், மஹ்சீர் வாழும் ஓடும் ஆறு தேங்கிய நீராகிவிடும்.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி ஓடும் மோயாறு இந்த மீனின் முக்கியப் புகலிடம். 2022-ல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கி.மீ. பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சிங்கவால் குரங்கு உள்ளிட்ட நான்கு அரிய உயிரினங்களுக்காக தமிழ்நாடு அரசு 2025-ல் கையில் எடுத்த 1 கோடி ரூபாய் திட்டத்திலும் இந்த மஹ்சீர் இருக்கிறது.

அடுத்து என்ன?

தடை நீடிக்கட்டும், தளரட்டும். எதுவானாலும் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, இனவாரியாக மீன் கணக்கெடுப்பு. இரண்டு, காவிரியில் வேற்று மஹ்சீர் குஞ்சுகளை விடுவதை முழுசா நிறுத்துவது. மூன்று, ஆற்றை நம்பிப் பிழைக்கும் பரிசல்காரர்களையும் மீனவர்களையும் சம்பளத்தோடு காவலுக்குச் சேர்ப்பது. முகாம்கள் இருந்த காலத்தில் இந்த மூன்றில் கணக்கும் காவலும் அரைகுறையாகவாவது நடந்தன. தடை போட்டவர்கள் அதற்கு மாற்று ஏற்பாடு செய்யவில்லை என்றால், மஹ்சீர் மறைந்தாலும் அது மறைந்த ஆண்டு எதுவென்று சொல்லக்கூட நம்மிடம் கணக்கு இருக்காது.