கருவியும் கதையும்

அருங்காட்சியகம் என்றவுடன் மன்னர்களின் வாளும் மணிமுடியும் நினைவிற்கு வருதல் இயல்பு. உழவரின் வாளியும் அடுப்பும் காட்சிக்கு உரியனவோ என ஐயுறுவாரும் உளர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், எடின்பரோ என்னும் சிற்றூரை அடுத்துள்ள ஹரி ஹில் பண்ணை அருங்காட்சியகம் அவ்வையத்தைப் போக்குகிறது. மேப்பிள் பாகு காய்ச்சும் தொழிலும், அத்தொழிலைப் பற்றிய ஒரு சிறுவர் புதினமும் அங்கு ஒருங்கே போற்றப்படுகின்றன.

குளிர்காலத்தின் இறுதியில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் சில வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் இனிப்புநீர் சுரக்கும். மரத்தில் துளையிட்டு, சிறு குழாயைச் செருகி, சொட்டும் நீரை வாளியில் சேர்ப்பர். ஏறத்தாழ 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். அமெரிக்கத் தொல்குடியினரே இக்கலையின் முன்னோடிகள்.

இச்செய்முறையைக் கருவிகள் விளக்கும். ஆனால், அவ்வுழைப்பில் மலர்ந்த மனித உறவைக் கருவிகளால் கூற இயலாது. எடின்பரோவில் வாழ்ந்த வர்ஜீனியா சோரன்சன் எழுதிய ‘மிராக்கிள்ஸ் ஆன் மேப்பிள் ஹில்’ என்னும் புதினம் அதனைக் கூறுகிறது. 1957ஆம் ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்ற நூல் இது. இனிப்புநீர் சுரக்கும் பருவத்தில் முதிய உழவர் ஒருவர் நோயுறுகிறார். மரமோ எவருக்காகவும் காத்திராது. அண்டை வீட்டார் அவருடைய பணியைத் தாம் ஏற்கின்றனர். பள்ளிக்கு வராத அவ்வீட்டுப் பிள்ளைகளைத் தேடிவரும் அலுவலரே, நிலைமையை உணர்ந்து, ஏனைய மாணவர்களும் உதவ வழிசெய்கிறார்.

வாளியைக் காணாதவருக்குக் கதையில் வரும் உழைப்பின் சுமை விளங்காது. கதையை அறியாதவருக்கு வாளி வெறும் தகரமே.

எழுத்தாளரைப் போற்றுதல் பிறந்த ஊரின் கடமை எனச் சிலர் கருதலாம். சோரன்சன் பிறந்ததோ தொலைவிலுள்ள யூட்டா மாநிலத்தில். எனினும், வந்து வாழ்ந்த மண்ணை ஊன்றி நோக்கி எழுதியவரைத் தம்மவராகக் கொண்டாடுதல் பாராட்டத்தக்க பண்பாகும்.

இன்று பல பண்ணைகளில் வாளிகளின் இடத்தை நெகிழிக் குழாய்கள் பெற்றுவிட்டன. புவி வெப்பமடைதலால் பருவமும் நிலைமாறி வருகிறது. ஆதலின், மறையும் தொழிலின் கருவிகளைச் சேர்ப்போர் அதன் கதைகளையும் சேர்த்தல் வேண்டும். கருவி மட்டும் எஞ்சினால், எவ்வாறு உழைத்தனர் என்பது தெரியும். யாருக்காக உழைத்தனர் என்பது மறைந்துவிடும்.

சிந்தித்து எழுதுக:
1. ‘மரம் எவருக்காகவும் காத்திராது’ – இத்தொடரின் பொருளை விளக்குக.
2. கருவிக்குக் கதை ஏன் துணையாக வேண்டும்?
3. உங்கள் ஊரில் மறைந்துவரும் தொழில் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.