பசு விழுந்த துளை
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

அறிவியல் பயிலும் மாணவன் கட்டுக்கதைகளைப் பற்றி எழுதலாமா? எழுதலாம், எழுதவும் வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக ஒரு குகையை எடுத்துக்கொள்கிறேன்.

நம் நீலகிரியின் பாறை சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை. சுண்ணாம்புக்கல்லைப் போல அது மழைநீரில் கரைவதில்லை. ஆகவே சுண்ணாம்புக் குகைகளை இங்கே காண இயலாது. ஆனால் இங்கே வந்து கூடும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வழியே வடக்கே சென்றால், விசாகப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், அரக்குப் பள்ளத்தாக்கை அடுத்து, பொர்ரா குகை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம். குகையின் ஆழம் சுமார் 80 மீட்டர். ஆலம் விழுதுகள்போல் கற்கள் மேலிருந்து தொங்குகின்றன. அவற்றை வரவேற்பனபோல் தரையிலிருந்து கற்கள் முளைத்து எழுகின்றன.

அங்குள்ள மக்கள் சொல்லும் கதை இது: மலைமேல் மேய்ந்த பசு ஒன்று துளையில் விழுந்துவிட்டது. தேடி இறங்கிய மாடு மேய்ப்பவர் உள்ளே லிங்க வடிவில் ஒரு கல்லைக் கண்டார். பசுவைக் காத்தவர் சிவபெருமானே என்று நம்பினார். பசுவின் மடி போன்ற இன்னொரு கல்லில் சொட்டும் நீரே கோஸ்தனி ஆறாகிறது என்பர். கோஸ்தனம் என்றாலே பசுவின் மடிதானே!

நம் ஆய்வுக்கூடம் வேறு கதை சொல்கிறது. சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல் வெளுக்கும். மேலும் ஊதினால் தெளியும். சூடாக்கினால் மீண்டும் வெண்மை தோன்றும். குகையிலும் இதே வேதியியல்தான். கரியமில வாயு கலந்த மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. குகைக்குள் சொட்டும்போது வாயு வெளியேற, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. சொட்டுச் சொட்டாய்ப் பல்லாயிரம் ஆண்டுகள்!

அப்படியானால் அந்த மாடு மேய்ப்பவர் கதை வெறும் பொய்யா? இல்லை. கூரையில் துளை உண்டு. உள்ளே நீர் சொட்டுகிறது. அந்த நீருக்கும் கல்லின் வடிவுக்கும் தொடர்பு உண்டு. இவ்வளவையும் கதை கவனித்திருக்கிறது. விளக்கத்தை நாம் மாற்றலாம். கவனிப்பை மதிக்கத்தான் வேண்டும்.

இனி, அறிவியல் உடை அணிந்த ஒரு கதையைப் பாருங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் ஜார்ஜ் என்பவர் 1807இல் இக்குகையைக் கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் குறிப்புகள் பல கூறுகின்றன. அத்துறை தோன்றியதே 1851இல்! இல்லாத துறைக்கு 44 ஆண்டுகள் முன்னதாகவே அதிகாரி எங்கிருந்து வந்தார்? பசுக் கதையைக் கேட்டுச் சிரிக்கும் நாம், இதை மட்டும் ஆண்டும் பதவியும் இருப்பதால் கேள்வி கேளாமல் ஏற்கிறோம்.

நம் மலைக்கும் இது பொருந்தும். 1819இல் ஜான் சல்லிவன் நீலகிரியைக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுகிறோம். அவர் வந்தது வரலாறு. ஆனால் தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் வாழ்ந்த மலையை யாரிடமிருந்து கண்டுபிடித்தார்? ஓன் என்னும் தெய்வம் குந்தா மலையில் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வெளிக்கொணர்ந்தார் என்பது தோடர் கதை. கடைசி எருமையின் வாலைப் பிடித்து வந்தவரே முதல் தோடராம். 1906இல் வெளியான ரிவர்ஸ் என்பவரின் நூலில் இது பதிவாகியுள்ளது. இது உயிரியல் அன்று. ஆனால் எருமையின்றித் தோடர் வாழ்வில்லை என்னும் உண்மையை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னோரின் அறிவெல்லாம் கதைகளாகவே வந்து சேர்ந்தது. பட்டம் பெறுவதற்காக அவற்றை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் உங்கள் ஹட்டியிலும் மந்திலும் எஸ்டேட் லயனிலும் ஒரு பாறைக்கோ சுனைக்கோ உரிய கதையைக் கேட்டு எழுதுங்கள். பக்கத்திலேயே அந்தப் பாறையின் தன்மையையும் எழுதுங்கள். கதையைக் கதையாகப் போற்றுவோம். செய்தியைச் செய்தியாகச் சோதிப்போம். இரண்டும் கற்றவன் கடமையே.