துண்டில்லாமல் வாங்கும் நீலக் குளிசை

சில விடயங்களை எழுதுவதற்குப் பத்திரிகையாளனுக்கும் வயது போகவேண்டியிருக்கிறது. போர், தேர்தல், தோட்டத் தொழிலாளர் சம்பளம், வெள்ளம், மண்சரிவு என்று எத்தனையோ எழுதியாயிற்று. ஆனால் ஆண்கள் தமக்குள்ளேயே புதைத்து வைத்திருக்கும் ஒரு விடயத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. கூச்சம்தான் காரணம். அந்தக் கூச்சம் ஓர் உயிரை எவ்வளவு அருகில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதை மாத்தளையில் கண்டேன். அதன்பிறகும் எழுதாமல் இருப்பது நியாயமாகாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாசி மகத் தேர்த்திருவிழாவுக்காக மாத்தளைக்குப் போயிருந்தேன். ஸ்ரீ முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதியுலா முடித்துத் திரும்பிய மறுநாள், பழைய நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் அழைக்கும், நானும் அப்படித்தான். வழக்கமாக அரசியலில் தொடங்குபவர், அன்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒரு குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, நீங்க பத்திரிகைக்காரர். நாலு விஷயம் தெரிஞ்சவர். இதைப் போட்டா ஒண்ணும் ஆகாதா?"

நான்கு நீலக் குளிசைகள். ஒவ்வொன்றும் 100 மில்லிகிராம் சில்டெனாபில். வயாகரா என்ற பெயரில் உலகம் அறிந்த அதே மருந்து. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஒரு மருந்துக்கடையின் பெயரைச் சொன்னார். வைத்தியரின் துண்டு இல்லை. கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. இவரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை நின்றதால் காசைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டாராம்.

"அவ ஒண்ணும் கேக்கல்ல தம்பி. ஒரு வார்த்தை சொல்லல்ல. அதுதான் எனக்குப் பெரிய கவலை" என்றார். நாற்பது வருடக் குடித்தனத்தின் பாரம் அந்தச் சொற்களில் இருந்தது.

அவருக்கு நீரிழிவும் நெஞ்சுவலியும் இருப்பது எனக்குத் தெரியும். கிளினிக் கொப்பியைக் காட்டச் சொன்னேன். பஸ்ஸில் வரும்போதும் அதைக் கொண்டுவரும் பழக்கமுள்ளவர். அதில் ஐசோசோர்பைட் மொனோநைட்ரேட் என்று எழுதியிருந்தது. அத்துடன் நெஞ்சு வலித்தால் நாக்கின் கீழ் வைப்பதற்கென்று கிளிசரில் ட்ரைநைட்ரேட். இரண்டுமே நைட்ரேட் வகை. நான் வைத்தியன் அல்லன். ஆனால் நைட்ரேட் மருந்து பாவிப்பவர் சில்டெனாபிலைத் தொடக்கூடாது என்பதை எங்கோ வாசித்த ஞாபகம். அறிமுகமான வைத்தியர் ஒருவருக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். "அந்தக் குளிசையை அவர் கையிலிருந்து முதலில் வாங்குங்கள்" என்றார் அவர்.

இந்த மருந்து பிறந்த கதையே இதயத்தோடு தொடர்புடையதுதான். இங்கிலாந்தின் கெண்ட் மாநிலத்திலுள்ள சான்ட்விச் என்ற ஊரில் பைசர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதய வலிக்காகவே இதனை உருவாக்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் மனிதர்களில் பரிசோதித்தபோது இதய வலிக்கு எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்த ஆண்கள் வேறொரு விளைவைச் சொன்னார்கள். மருந்தின் பாதை மாறியது. 1998 மார்ச் 27 ஆம் திகதி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி வழங்கியது.

இது வேலைசெய்யும் விதம் சிக்கலானதன்று. ஆசை எழும்போது நரம்புகளிலிருந்து நைட்ரிக் ஒக்சைட்டு என்ற பொருள் வெளிப்படுகிறது. அது தூண்டிவிடும் இன்னொரு இரசாயனம் இரத்தக் குழாய்ச் சுவர்களைத் தளர்த்த, அவ்வுறுப்பில் இரத்தம் நிறைகிறது. பிடிஈ-5 என்ற நொதியம் அந்த இரசாயனத்தைச் சிதைத்து நிலைமையைப் பழையபடியாக்கும். சில்டெனாபில் அந்த நொதியத்தைத் தடுத்து நிறுத்துகிறது. அவ்வளவே. ஆசையை உண்டாக்கும் சக்தி அதற்கு இல்லை. ஆசை எழாவிட்டால் குளிசையும் சும்மா இருக்கும். "வீரிய மருந்து" என்று நம்மவர்கள் சொல்வது முற்றிலும் பிழையான பெயர்.

ஆபத்தும் இதே வழியில்தான் வருகிறது. நைட்ரேட் மருந்துகள் உடலில் நைட்ரிக் ஒக்சைட்டைக் கொடுத்து உடம்பெங்கும் இரத்தக் குழாய்களை விரிப்பவை. ஒன்று மடையைத் திறந்துகொண்டிருக்க, மற்றது மடையை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரத்த அழுத்தம் திடீரெனச் சரிகிறது. ஏற்கெனவே அடைப்புள்ள இதயத்துக்கு இரத்தம் போதாமற்போனால் மயக்கம், மாரடைப்பு, மரணம். சில்டெனாபில் எடுத்தவருக்கு 24 மணி நேரத்துக்கும், நெடுநேரம் நீடிக்கும் தடலாபில் எடுத்தவருக்கு 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கொடுக்கலாகாது என்பது பொதுவான மருத்துவ விதி. குளிசைக்காக நைட்ரேட்டைத் தாமாகவே நிறுத்திவிட்டுப் பரீட்சித்துப் பார்ப்பதும் அதே அளவுக்கு ஆபத்தானது.

மாஸ்டரின் கதையில் என்னை உலுக்கியது இதுதான். அன்றிரவு அவர் ஒரு குளிசையைப் போட்டு, நெஞ்சு வலி வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? வழக்கம்போல நாக்கின் கீழ் அடுத்த குளிசையை வைத்திருப்பார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருந்தாலும், மகனும் மருமகளும் சூழ்ந்து நிற்கையில், "நான் இதைப் போட்டேன்" என்று வாய்திறந்து சொல்லியிருப்பாரா? அவர் சொல்லாவிட்டால் அங்குள்ளவர்களும் அதே நைட்ரேட்டைத்தான் கொடுக்கக்கூடும்.

ஆகவே வாசகர்களே, இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இம்மருந்தை எடுத்தபின் நெஞ்சு வலி வந்தால் நைட்ரேட்டைத் தொடாதீர்கள். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். வந்தவர்களிடம் என்ன குளிசை, எத்தனை மணிக்கு என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். திடீரெனப் பார்வையோ கேள்விப்புலனோ மங்கினாலும், விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாவிட்டாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தலைவலி, முகம் சிவந்து சூடேறுதல், மூக்கடைப்பு, செரிமானக் கோளாறு, பார்வையில் நீலச்சாயல் என்பன பொதுவாகத் தாமாகவே தணியும்.

மாஸ்டர் வாங்கிய அளவும் பிழை. வழமையான அளவு 50 மில்லிகிராம்; 100 என்பது உச்ச அளவு. 65 வயதைக் கடந்தவர்களுக்கும், ஈரல் நோயோ கடுமையான சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கும் 25 இல் தொடங்குவதே வழக்கம். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்னர் எடுக்கவேண்டும். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் பலன் பிந்தும். "வேலை செய்யவில்லையே" என்று இன்னொன்றைப் போடுவோர் இங்கேதான் தவறுகிறார்கள். சாராயம் இரத்த அழுத்தத்தை மேலும் இறக்குவதோடு, எதற்காகக் குளிசை போட்டாரோ அதையே கெடுக்கும். புரஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள், பூஞ்சணத்துக்கான கீட்டோகொனசோல், எரித்ரோமைசின், எச்.ஐ.வி.க்கான ரிட்டோனாவிர் என்பவற்றோடு சேரும்போதும் அளவைக் குறைக்கவோ தவிர்க்கவோ வேண்டிவரும். இவற்றையெல்லாம் கடை மேசைக்கு முன்னால் நின்று யார் யோசிப்பது?

இலங்கையில் இது வைத்தியரின் துண்டுக்கு மட்டுமே விற்கவேண்டிய மருந்து. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் இருக்கிறது. சட்டம் கொப்பியில் இருக்க, குளிசை கடதாசியில் சுற்றப்பட்டுக் கைமாறுகிறது. "துண்டு கேட்டால் மனிசன் வெட்கப்பட்டு ஓடிவிடுவான், வேறு கடையில் வாங்குவான்" என்று வியாபாரிகள் சொல்வதுண்டு. பிரித்தானியாவில் 2018 இலிருந்து 50 மில்லிகிராம் குளிசையைத் துண்டின்றியே மருந்தகங்களில் வாங்கலாமே என்று அங்கு வாழும் நம்மவர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அங்கே மருந்தாளர் முதலில் கேள்வி கேட்கவேண்டும். இதய நோய் உண்டா, நைட்ரேட் பாவிக்கிறீர்களா, வேறென்ன மருந்துகள் என்று விசாரித்துத் திருப்தியடைந்தால்தான் கொடுப்பார். ஆக, துண்டின் பெறுமதி அந்தக் கடதாசியில் இல்லை. அதை எழுதுமுன் கேட்கப்படும் கேள்விகளில் இருக்கிறது. மாஸ்டரிடம் அந்த ஒரு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

குளிசைக்குப் பயந்து மூலிகையை நாடுவோரும் உளர். மாத்தளையிலிருந்து அளுவிகாரை, நாலந்தை ஊடாகத் தம்புள்ளை செல்லும் ஏ-9 வீதியின் இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் உண்டு. சாதிக்காய், மிளகு, ஏலம், கறுவா எல்லாம் நம் சமையலறைச் செல்வங்கள். அவற்றில் எனக்குப் பகையில்லை. ஆனால் எந்த ஊராயினும், என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதப்படாத போத்தலும் "பக்கவிளைவு அறவே இல்லை" என்ற வாக்குறுதியும் சேர்ந்து வந்தால் அஞ்சத்தான் வேண்டும். 2008 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தத்தில் சீனி அபாயகரமாகக் குறைந்த நிலையில் ஐந்து வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆராய்ந்தபோது, சட்டவிரோதமாக விற்கப்பட்ட போலித் தடலாபில் குளிசைகளிலும் மூலிகை என்று சொல்லப்பட்ட தயாரிப்புகளிலும் நீரிழிவுக்கான கிளிபென்கிளமைட் என்ற மருந்து கலந்திருந்தது. நால்வர் இறந்தார்கள், எழுவர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். மூலிகை என்று வாங்கிய ஒன்று ஒரு மணி நேரத்தில் குளிசைபோல வேலைசெய்தால், அதற்குள் குளிசையே ஒளிந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள்.

இனி என் தொழிலின் பாவத்தையும் சொல்லவேண்டும். நான் பணியாற்றிய ஏடொன்றில், "ஆண்மைக் குறைவா? கவலை வேண்டாம்!" என்ற விளம்பரங்கள் வாரந்தவறாமல் வந்தன. அவற்றுக்கு இடமிருந்தது. இதே பிரச்சினையைப் பற்றி வைத்தியர் ஒருவர் எழுதியனுப்பிய கட்டுரையை, "குடும்பத்தில் எல்லோரும் வாசிக்கும் பத்திரிகை" என்று சொல்லித் திருப்பியனுப்பினோம். அந்த முடிவை எடுத்தவர்களில் நானும் ஒருவன். மருட்டுவதற்கு இடங்கொடுத்தோம்; தெளிவிப்பதற்குக் கதவடைத்தோம்.

அந்தச் சொல்லையே பாருங்கள். ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் இயலாமை என்று பொருள்படும் இழிசொல்லே வழங்கிற்று. 1992 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு அதைக் கைவிட்டு, விறைப்புக் குறைபாடு என்று பொருள்தரும் பெயரைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. நாமோ இன்னும் "ஆண்மைக் குறைவு" என்றே எழுதுகிறோம். கண் மங்கினால் மனிதத்தன்மை குறைந்தது என்பாரில்லை. இரத்தக் குழாய் அடைபட்டால் மட்டும் ஆண்மை குறைந்துவிடுமா?

ஆம், பலருக்கு இது இரத்தக் குழாய் விவகாரம்தான். அவ்வுறுப்பின் நாடிகள் இதய நாடிகளைவிட ஒடுங்கியவை. அதனால் படிவும் அடைப்பும் முதலில் அங்கே தெரியவரலாம். நெஞ்சு வலிப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே உடம்பு அனுப்பும் எச்சரிக்கை அது. நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைத்தல், மன அழுத்தம், சில மருந்துகள் என்று காரணங்கள் பல. மறைவாகக் குளிசை வாங்குபவர் எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவிட்டு நிம்மதியாக உறங்குகிறார்.

மாஸ்டர் அடுத்த கிளினிக் நாளன்று வைத்தியரிடம் வாய்திறந்தார். நைட்ரேட் அவருக்குத் தேவை என்பதால் நீலக் குளிசை அவருக்கு என்றைக்கும் இல்லை என்பது உறுதியாயிற்று. ஆனால் இரத்தச் சீனி எல்லை மீறியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு மருந்து திருத்தப்பட்டது. குளிசை தவிர வேறு வழிகளும் உண்டென்பதை வைத்தியர் கணவன், மனைவி இருவரையும் உட்கார வைத்து விளக்கினாராம். பின்னொரு நாள் தொலைபேசியில், "அவ சிரிச்சிட்டா தம்பி. இதுக்குப் போயா ரெண்டு வருஷமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தீங்கன்னு கேட்டா" என்றார்.

வாய்மொழியாய் வந்த திரிபிடகத்தை ஏட்டில் எழுதிவைத்த இடம் மாத்தளைக்குப் பக்கத்து அளுவிகாரை. காதோடு காதாகச் சொல்வதை நம்பியிருக்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்வது அந்த மண்ணுக்குப் பழகிய விடயந்தான். நண்பர்களே, இக்குறை உங்களுக்கிருந்தால் கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் போங்கள். பாவிக்கும் மருந்து அத்தனையையும் சொல்லுங்கள். துண்டு எழுதித் தந்தால் வாங்குங்கள். வேண்டாமென்றால் ஏன் என்று கேளுங்கள். கூச்சம் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.