கரைந்த செம்பு எங்கே போகிறது?

செப்புத் தகட்டின் மீது மெழுகு பூசி, ஊசியால் உருவம் கீறி, அரிப்புக் கரைசலில் அமிழ்த்தினால், கீறிய இடம் மட்டும் பள்ளமாகும். சுவரில் மாட்டும் அலங்காரத் தகட்டுக்கும், மையிட்டு அச்செடுக்கும் ஓவியத் தகட்டுக்கும் செய்முறை இதுவே. மைசூருவின் சாமராஜேந்திர அரசு காண்கலைக் கல்லூரியில் அச்சுக்கலை ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. அத்தகைய பயிற்சி பெற்றோர் வீட்டின் பின்கட்டிலேயே சிறு கூடம் அமைக்க விழைவது இயல்பு.

முன்பு நைட்ரிக் அமிலமே பெரிதும் பயன்பட்டது. அது செம்பைத் தொட்டதும் எழும் செம்பழுப்புப் புகை நுரையீரலுக்குப் பெருங்கேடு. பல கூடங்களில் அதன் இடத்தை ஃபெரிக் குளோரைடு பிடித்தது. 1997-இல் எடின்பரோவில் ஃபிரீட்ஹார்ட் கீகபென் என்னும் கலைஞர் அதனுடன் சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்தார். நம் மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு எனக் கிடைக்கும் அதே பொருள்தான். கீறல்களில் வண்டல் தங்காது, அரிப்பும் விரைவாகும்.

நச்சுப் புகை இல்லை; ஆகவே ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்கின்றனர். இதில் பாதியையே நான் ஏற்பேன். தகட்டை விட்டு நீங்கிய செம்பு கரைசலில்தான் நிற்கிறது. அதைச் சாக்கடையில் கொட்டினால் கழிவுநீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களுக்குக் கேடு. ஏரியை அடைந்தால் மீன்களுக்குக் கேடு. மைசூரு காவிரிப் படுகையில் அமைந்த நகரம் என்பதைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

பழைய கரைசலில் இரும்புத் துண்டுகளை இட்டால் இரும்பு கரைந்து, செம்பு பொடியாகப் படியும். பின்னர் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் (நுரை பொங்கும், அகன்ற கலன் வேண்டும்) எஞ்சிய உலோகமும் கசடாகத் தங்கும். அக்கசடும் குப்பைத் தொட்டிக்கு உரியதன்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றோரிடமே சேர்க்க வேண்டும்.

இதனினும் மின்முறையை நான் விரும்புகிறேன். மயில்துத்தக் கரைசலில் ஓவியத் தகட்டை நேர்முனையிலும் வெறுந்தகட்டை எதிர்முனையிலும் இணைத்துக் குறைந்த மின்னழுத்தம் செலுத்தினால், ஒன்றில் கழன்ற செம்பு மற்றதில் படிகிறது. கரைசல் ஏறத்தாழ மாறாமல் நெடுநாள் உழைக்கும். இது புதுமையன்று, இங்கிலாந்தில் 1840-லேயே காப்புரிமை பெற்ற முறை. மயில்துத்தமும் நஞ்சே என்பதால் கையுறை தவிர்க்க இயலாது.

முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் பெறலாம். அதற்கான செலவுப் பட்டியலில் தகடு, தொட்டி, மின்வழங்கி என எழுதுவோர் கழிவுக்கென மூடியிட்ட இரு பிளாஸ்டிக் கலன்களையும் எழுத வேண்டும். வங்கியும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தகடு வாங்குவோரும், ‘பழைய கரைசலை என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்கலாம். தயங்காது விடை கூறும் கைவினைஞரிடம் நான் பேரம் பேசுவதில்லை.